கேம்கள் இலகுவாகிவிட்டனவா? கொன்ட்ராவில் வளர்ந்த ஒருவருக்குப் பதில்

முதலில், உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்லிவிடுகிறேன். சமாதான காலத்தில், 2003, 2004 அளவில், புதுக்குடியிருப்பில் பெரியப்பா வீட்டு ரீவியில் கொன்ட்ரா என்ற, ஓடிக்கொண்டே எதிரிகளைச் சுடும் பழைய கேமை விளையாடி வளர்ந்திருக்கிறீர்கள். அதைக் கடைசி வரை முடிக்க மாதக்கணக்கு எடுத்தது என்கிறீர்கள். இப்போது உங்கள் அக்காவின் மகன் பெரிய பெரிய கேம்களை ஒரு கிழமையில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறான். செத்தால் செத்த இடத்திலேயே எழும்புகிறான். எங்கே போவது என்று கேமே அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. இந்தக் காலத்துக் கேம்கள் அளவுக்கு மிஞ்சி இலகுவாகிவிட்டனவா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கடைசி வரியில், இவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும் என்று ஒன்று போட்டிருக்கிறீர்களே, உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். முதலாவதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு என்னிடம் இருப்பது அபிப்பிராயம் மட்டும்தான். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நான் கிளிநொச்சியில் இருந்துகொண்டு, வெளிநாட்டில் உள்ள சிறு குழுக்களுக்குக் கைபேசிக் கேம்களின் லெவல் அமைத்துக் கொடுக்கிறேன். ஒரு பள்ளம் எவ்வளவு அகலம், எதிரி எத்தனை அடிக்கு விழுவான், எந்த இடத்தில் ஆளைக் கொஞ்சம் மூச்சுவிட விடுவது, இதுதான் என் தொழில். இன்னொரு விதமாகச் சொன்னால், எவ்வளவு கஷ்டம் வைப்பது என்று தீர்மானிக்கத்தான் எனக்குச் சம்பளம். பெரிய கன்சோல் கேம் எதிலும் நான் வேலை செய்ததில்லை. அவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் விளையாடியும், செய்தவர்கள் சொன்னதைப் படித்தும் தெரிந்துகொண்டவை.

ஒரு கேம் ஆளைப் போட்டுப் படுத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. செய்யச் சொல்கிற காரியமே கஷ்டமாக இருப்பது ஒன்று. தவறினால் பறிபோவது பெரிதாக இருப்பது மற்றது. கொன்ட்ராவில் இரண்டும் இருந்தன, ஆனால் உங்களுக்கு மாதக்கணக்கு எடுத்ததற்கு இரண்டாவதுதான் பெரிய காரணம். ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போகும். கையில் இருப்பது 3 உயிர். அதுவும் தீர்ந்தால் சில தடவை தொடரலாம், பிறகு முதலாம் கட்டத்தில் இருந்து திரும்ப ஓட வேண்டும். மொத்தம் 8 கட்டங்கள்தான். நன்றாக விளையாடத் தெரிந்தவர் அதை அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார். அப்படியானால் அத்தனை மாதமும் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த முதலாம், இரண்டாம் கட்டங்களையே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தீர்கள், ஐந்தாம் கட்டத்தில் தெரியாத ஒரு பத்து விநாடியைப் பழகுவதற்காக. இன்றைய கேம் அந்தப் பத்து விநாடியை மட்டும் திரும்பத் தரும். பழைய கேமோடு ஒப்பிடும்போது இலகுவாகத் தெரிவதில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. இதை நான் உறுதியாகவே சொல்வேன்.

அந்தக் காலத்தில் ஏன் அப்படிச் செய்தார்கள் என்றால், அதில் கொள்கை எதுவும் இல்லை, பிழைப்புத்தான். வீடியோ கேம்கள் முதலில் பெருகியது நாணயம் போட்டு விளையாடும் பெட்டிகளில். எங்கள் பக்கத்தில் அந்தப் பெட்டிகளை நான் கண்டதில்லை, ஆனால் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அதுதான் தொழில். ஒரு நாணயத்தோடு ஒருவன் ஒரு மணித்தியாலம் நின்று விளையாடினால் கடைக்காரருக்கு நட்டம். அதனால் சில நிமிடத்தில் சாக வேண்டும், ஆனால் இன்னொரு தடவை போட்டால் வென்றுவிடலாம் என்ற நினைப்போடு சாக வேண்டும். கொன்ட்ராவே 1987இல் அப்படியொரு பெட்டிக் கேமாகப் பிறந்து, அடுத்த வருடம் வீட்டு ரீவிக்கு வந்ததுதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1978இல் டைட்டோ நிறுவனத்தின் தொமொஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில், வேற்றுக்கிரகக்காரர் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமாக வருவார்கள். அது திட்டமிட்டு வைத்ததல்ல. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரம் தானாக வேகம் பிடித்தது, அவரும் நன்றாயிருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார். போகப் போகக் கஷ்டம் கூட வேண்டும் என்று இன்று நாங்கள் கணக்குப் பார்த்துச் செய்வதற்கு அது ஒரு முன்னோடி.

வீட்டுக் கேமுக்கு நாணயம் இல்லை, ஆனால் வேறு நெருக்கடி இருந்தது. 1985இல் வந்த சுப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுதுமே 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு கல்யாணப் படமே அதைவிடப் பெரிது. அவ்வளவு சிறிய இடத்தில் புதுப்புது இடங்களை அடுக்க முடியாது. காசு கொடுத்து வாங்கியவர் ஒரே நாளில் முடித்துவிட்டால் ஏமாந்துபோவார். ஆகவே தோற்கடித்துத்தான் அவரை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இன்னொன்றும் சேர்ந்தது: அங்கே கசட்டை வாடகைக்கு எடுத்து விளையாடலாம், ஜப்பானில் அது கூடாது. வாடகை நாளுக்குள் முடித்துவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று சில கேம்களின் அமெரிக்கப் பதிப்பை வேண்டுமென்றே கஷ்டமாக்கினார்கள். 1994இல் வந்த தி லயன் கிங் கேமின் இரண்டாம் கட்டம் அப்படித்தான் பெயர் கெட்டது. அதே வருடம் வந்த கொன்ட்ரா ஹார்ட் கோர்ப்ஸில் ஜப்பான்காரர் ஓர் உயிருக்கு மூன்று அடி தாங்கலாம், அமெரிக்கர் ஒரே அடியில் போய்விடுவார். நாம் நினைவில் வைத்துப் போற்றுகிற கஷ்டத்தில் ஒரு பங்கு வியாபாரத் தந்திரம்.

இனி நான் சொல்வது உங்களுக்குக் கொஞ்சம் உறைக்கலாம். நீங்கள் விளையாடிய கொன்ட்ரா அசல் கொன்ட்ராவாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. எங்கள் ஊர்களுக்கு வந்த ரீவி கேம் பெட்டிகள் அநேகமாக எல்லாமே நிண்டெண்டோவின் ஃபமிகொம் இயந்திரத்தைப் பார்த்துச் செய்த போலிகள். இலங்கையின் ரீவி முறை 'பால்' (PAL), விநாடிக்கு 50 படம். அசல் கேம் செய்யப்பட்டது 60 படத்துக்கு. பால் முறைக்கென்று செய்த போலிப் பெட்டியில் கேமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், குண்டும் மெதுவாகத்தான் வரும். அதோடு, ஒரே கசட்டில் நூறு கேம் என்று வந்ததில் கொன்ட்ரா பல வடிவத்தில் இருக்கும். தொடக்கத்திலேயே 30 உயிர், அல்லது நல்ல துப்பாக்கியோடு தொடக்கம், அல்லது நேரே ஐந்தாம் கட்டம். உங்கள் பெட்டியில் எது இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த 30 உயிர்க் குறியீட்டின் கதையும் இதற்குப் பொருத்தமானது. கொனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் 1986இல் கிரேடியஸ் என்ற கேமை வீட்டு இயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க அவருக்கே அது கஷ்டமாயிருந்தது. அதனால் மேல் மேல் கீழ் கீழ் என்று தொடங்கும் ஒரு பொத்தான் வரிசையைத் தனக்காகப் போட்டுக்கொண்டார். அது கேமுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதே வரிசைதான் பிறகு கொன்ட்ராவில் 30 உயிர் தந்தது. செய்தவரே குறுக்குவழி வைத்துத்தான் விளையாடியிருக்கிறார் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அப்புறம் கரண்ட். வன்னியில் அந்த நாட்களில் ஜெனரேற்றர் ஓடும் நேரத்தில்தான் ரீவி. எண்ணெய் முடிந்தால் அல்லது யாராவது படம் பார்க்க வந்து உட்கார்ந்தால் ஆறாம் கட்டத்தில் நின்றாலும் அவ்வளவுதான், அடுத்த தடவை முதலில் இருந்து. இடையில் சேமிக்கும் வசதி கொன்ட்ராவில் இல்லை. அதே காலத்தின் செல்டா கேமின் கசட்டுக்குள் சிறு பற்றறி ஒன்றை வைத்து அந்த வசதியைக் கொடுத்தார்கள், ஆனால் அது செலவு கூடிய வேலை. அதாவது உங்கள் மாதக்கணக்கில் ஒரு பகுதி கொனாமி செய்தது, இன்னொரு பகுதி மண்ணெண்ணெய் செய்தது. இன்று நாங்கள் கைபேசிக்குச் செய்யும்போது முதலில் பார்ப்பதே இதைத்தான்: எந்த விநாடியில் அழைப்பு வந்தாலும், சார்ஜ் தீர்ந்தாலும், அம்மா கூப்பிட்டாலும் ஆள் விட்ட இடத்துக்குத் திரும்பி வரக் கூடியதாக இருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது சேமிப்பு இல்லாத கேமை இங்கே யார் விளையாடியிருப்பார்? இதைச் செல்லம் கொடுப்பதாக நான் நினைக்கவில்லை.

ஒரே பெயரில் வந்த கேம்களை வரிசையாகப் பார்த்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும். 1989இல் வந்த பிரின்ஸ் ஒஃப் பேர்சியாவுக்கு மொத்தம் 60 நிமிடம். நிஜ 60 நிமிடம். செத்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்குப் போவீர்கள், ஆனால் மணிக்கூடு நிற்காது. 2003இல் வந்த சாண்ட்ஸ் ஒஃப் டைமில் தவறி விழுந்தால் காலத்தைப் பின்னுக்குச் சுற்றி, விழ முன்னர் இருந்த இடத்துக்கு வரலாம், அதற்கு ஓர் அளவு உண்டு. 2008இல் வந்ததில் சாவே இல்லை. கூட வரும் எலிகா என்ற பெண் ஒவ்வொரு தடவையும் கையைப் பிடித்துத் தூக்கி விட்டுவிடுவாள். கிராண்ட் தெஃப்ட் ஓட்டோவிலும் அதே போக்குத்தான். 2004இன் சான் அண்ட்ரியாசில் ரயிலுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அந்த மிஷனைத் தவறவிட்டவர்களுக்குத் தெரியும், திரும்பவும் வீட்டு வாசலுக்குப் போய்த் தொடங்க வேண்டும். 2013இன் ஐந்தாம் பாகத்தில் ஒரே இடத்தில் மூன்று தடவை தோற்றால், இதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகட்டுமா என்று கேமே கேட்கிறது. உங்கள் மருமகன் ஒரு கிழமையில் முடிக்கிறான் என்றால் இதுவும் ஒரு காரணம். இந்த அளவில் நீங்கள் சொல்வது சரி, மறுக்க இடமில்லை.

ஆனால் மன்னிக்கிற கேம் எல்லாம் இலகுவான கேம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வேலையில் இருந்து ஒன்று சொல்கிறேன். ஓடிப்போய்ப் பள்ளத்தைத் தாண்டும் கேமில், கால் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்குக் குதிக்க விடுவோம். கண்ணுக்கு அது தெரியாது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால்தான் ஆள் காற்றில் நின்று குதிப்பது தெரியும். அதேபோல, நிலத்தைத் தொட முன்னரே குதிக்கும் பொத்தானை அமத்தினால் அதை மறந்துவிடாமல் வைத்திருந்து, கால் பட்டதும் குதிக்க வைப்போம். ஒரு தடவை இந்தச் சலுகையை எடுத்துவிட்ட பதிப்பையும் வைத்த பதிப்பையும் ஒரே லெவலோடு பக்கத்து வீட்டுப் பெடியளிடம் கொடுத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டதைப் பற்றி ஒருவனும் கஷ்டம் என்று சொல்லவில்லை. "அக்கா, இது சரியில்லை, நான் அமத்தினது வேலை செய்யேல்லை" என்றார்கள். சலுகை இருந்த பதிப்பில் அதே பள்ளத்தில் விழுந்தவன் "சே, பிந்திப்போனன்" என்று தன்னையே நொந்துகொண்டு திரும்ப ஓடினான். தோல்விக்குத் தான்தான் காரணம் என்று ஆளுக்குத் தெரிந்த பிறகு, பள்ளத்தை இன்னும் அகலமாக்க எனக்குப் பயமில்லை. 2018இல் வந்த செலெஸ்ட் இந்த வித்தையின் உச்சம். கையில் வெண்ணெய் போல ஓடும், செத்த மறுகணமே அதே திரையில் நிற்பீர்கள், இருந்தும் அதன் பிற்பகுதி லெவல்கள் கொன்ட்ராவை விழுங்கி ஏப்பம் விடும். விரும்பினால் வேகத்தைக் குறைத்தோ சாகாமலோ விளையாட அதில் ஓர் உதவி முறையும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு முடித்தவனும் அதே முடிவைத்தான் பார்ப்பான். அதனால் போடாமல் முடித்தவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று எனக்கு விளங்குவதில்லை. உதவியைச் சொல்லாமல் செய்யும் கேம்களும் உண்டு: 2005இன் ரெசிடென்ட் ஈவில் 4இல் நீங்கள் அடிக்கடி செத்தால் எதிரிகளின் மூர்க்கம் தானாகக் குறையும், உங்களுக்குத் தெரியாது.

எனக்கும் மனக்குறை இருக்கும் இடம் அம்புக்குறி. இதில் நான் உங்கள் பக்கம். 2002இல் வந்த மொரோவிண்டில் ஓர் ஊர்க்காரரிடம் வழி கேட்டால், பாலத்தைத் தாண்டி, பாறைக்கு இடப்பக்கம் திரும்பி என்று வாயால் சொல்வார், நீங்கள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு போக வேண்டும். 2006இல் வந்த அதன் அடுத்த பாகமான ஒப்லிவியனில் திசைகாட்டியில் ஒரு குறி வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விசுவமடுவில் ஒருவரிடம் வழி கேட்டு, குளக்கட்டால் போய், வான் கதவு தாண்டி, பெரிய பாலை மரத்தடியில் திரும்பி வீட்டைக் கண்டுபிடிப்பதற்கும், போனில் நீலக்கோட்டைப் பார்த்தபடி போய் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது. இரண்டாவதில் போய்ச் சேருவீர்கள், ஆனால் குளத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஏன் இப்படி ஆனது என்றால், உலகம் பெரிதாகிவிட்டது, வழி தெரியாமல் அலைந்தவர் கேமையே மூடிவிடுவார் என்ற பயம். ஏறிப் பிடிக்க வேண்டிய இடத்துக்கெல்லாம் மஞ்சள் பெயின்ற் அடித்து வைப்பதும் அந்தப் பயத்தால்தான். பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலை உண்மையிலேயே குறைந்துவிட்டது. விரலுக்கு வேலை குறையவில்லை, கண்ணுக்குக் குறைந்திருக்கிறது.

இதற்கு எதிராக ஒரு அலையும் வந்தது. ஜப்பானின் ஃப்ரொம் சொஃப்ட்வெயர் 2009இல் டீமன்ஸ் சோல்ஸ் செய்தபோது, அதற்குக் காசு போட்ட சோனியே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை வெளியிடவில்லை. அமெரிக்காவில் அட்லஸ் என்ற வேறு நிறுவனம்தான் எடுத்து வெளியிட்டது. அம்புக்குறி கிடையாது, செத்தால் சேர்த்ததெல்லாம் செத்த இடத்தில் கிடக்கும், போய் எடுக்க முன் இன்னொரு தடவை செத்தால் அதுவும் போச்சு. அந்த வழியில் வந்த எல்டன் ரிங் 2022 பெப்ரவரியில் வெளியாகி ஒரு வருடத்துக்குள் 2 கோடிக்கு மேல் விற்றது. இலகுவானது மட்டும்தான் விலைபோகும் என்றிருந்தால் இது நடந்திருக்காது. கஷ்டம் வேண்டியவருக்குத் தனியாக, பெயர் சொல்லி விற்கப்படுகிறது. 1988இல் விளையாடியவருக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை, கடையில் இருந்த கசட் அநேகமாக எல்லாம் அப்படித்தான்.

உங்கள் மருமகனின் போனில் ஃபிரீ ஃபயரோ பப்ஜியோ கட்டாயம் இருக்கும், வன்னியில் அது இல்லாத பெடியனைக் காண்பது அரிது. அதை ஏன் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை? கொன்ட்ராவின் எதிரிகளில் பெரும்பாலானோர் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் வருவார்கள். மனப்பாடம் செய்தால் முடிந்தது. ஃபிரீ ஃபயரில் ஏறக்குறைய 50 பேர் இறங்குகிறார்கள், எல்லாரும் சமபலம் என்றால் ஒருவன் வெல்வது 50இல் ஒரு தடவை. இதை மனப்பாடம் செய்ய முடியாது. ஆரம்பத்தில் இலகுவாகத் தெரியும், அது உண்மை. புதிதாக வருபவரின் முதல் ஆட்டங்களில் எதிரிகளில் பலர் மனிதர்களே இல்லை, கணினி ஓட்டும் பொட்டுகள். இரண்டு கேம்களிலும் இப்படித்தான். ஃபிரீ ஃபயரில் முதல் நாளே வென்று 'பூயா' என்ற வெற்றிச் சொல் திரையில் வருவது அதனால்தான். ராங்க் ஏற ஏறப் பொட்டுகள் குறைந்து, உங்களுக்குச் சமமானவர்களைத் தேடிக் கொண்டுவந்து விடுவார்கள். சதுரங்கத்தில் ஆர்பாட் ஈலோ என்ற பௌதிகப் பேராசிரியர் வகுத்த தரக்கணக்கை உலகச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது, போட்டிக் கேம்கள் பலவற்றில் ஓடுவது அதன் வழிவந்த யோசனைதான். நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராகினாலும் எதிரியும் அவ்வளவு கெட்டிக்காரராக வருவார். இப்படிப்பட்ட கேமுக்குக் கடைசிக் கட்டம் கிடையாது. அதோடு எங்கள் பெடியளுக்கு மேலதிகமாக ஒரு எதிரி: சேவர் இருப்பது வெளிநாட்டில், ரவருக்குத் தூரமான வீட்டில் சிக்னல் விழுந்தெழும்பும், சுட்டது அங்கே போய்ச் சேர முன்னர் இவன் விழுந்துகிடப்பான். இரண்டு ஜிபி றாம் போனோடு மேல் ராங்க் ஏறிய பெடியனை நான் கண்டிருக்கிறேன். அவன் முன்னால் கொன்ட்ராவைப் பற்றிப் பெருமை பேச எனக்குத் துணிவில்லை.

இன்னொரு வகையும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கண்டி க்ரஷ் 2012இல் வந்தது. 5 உயிர், போன ஓர் உயிர் திரும்ப வர 30 நிமிடம், காத்திருக்க முடியாவிட்டால் காசு. அங்கே லெவலைக் கஷ்டமாக்குவது உங்கள் திறமையைச் சோதிக்க மட்டுமல்ல, எந்த இடத்தில் பொறுமை உடைந்து பணப்பையைத் திறப்பீர்கள் என்று பார்க்கவும்தான். நாணயப் பெட்டி செத்துப்போகவில்லை, சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. இப்படிப்பட்ட லெவல் அமைக்கும் வேலை எனக்கும் வந்திருக்கிறது, அதில் எப்படி எண்களைத் திருகுவார்கள் என்று தெரிந்ததால்தான் சொல்கிறேன். பெடியன் ஒரு கேமில் அடிக்கடி டயமண்ட் (கேமுக்குள் செலவழிக்கும் பணம்) போடக் காசு கேட்டால், அந்தக் கேம் இலகுவா கஷ்டமா என்று யோசிப்பதைவிட, அந்தக் கஷ்டம் எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இனிப் பொறுமை. கஷ்டமான கேம் விளையாடினால் வாழ்க்கையில் பொறுமை வரும் என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, அப்படிச் சொல்பவரை நானும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஒன்றைப் பழகினால் அதில் கை தேறும். அந்தத் தேர்ச்சி வேறொன்றுக்குத் தாவுவது அரிது. கொன்ட்ராவில் பொறுமையாக இருந்த எங்கள் வயதுக்காரர் எத்தனை பேர் ஓ.எல். கணக்கில் அதே பொறுமையோடு இருந்தார்கள்? நான் கண்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், இது சொந்த அவதானிப்புத்தான், ஆராய்ச்சி இல்லை. தோற்றவுடன் கேமைக் குறை சொல்பவனும், தோற்றவுடன் என்ன பிழை விட்டேன் என்று பார்ப்பவனும் எல்லாக் கேமிலும் இருக்கிறார்கள், இலகுவான கேமிலும் கஷ்டமான கேமிலும். அதை அவன் வீட்டில் இருந்து கொண்டுவருகிறானா, கேமில் இருந்து எடுக்கிறானா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நித்திரை, படிப்பு, கண் என்று பயம் இருந்தால் அதற்கு நான் ஆள் இல்லை, வைத்தியரிடமும் ஆசிரியரிடமும் கேளுங்கள். கேம் கஷ்டமா இலகுவா என்பதைவிட எத்தனை மணிக்குப் போனை வைக்கிறான் என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.

கதைத்துக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது என்றால் ஒரு வழி சொல்கிறேன். கொனாமி 2019இல் கொன்ட்ரா அனிவேர்சரி கலெக்ஷன் என்று பழைய கேம்களைச் சேர்த்து வெளியிட்டிருக்கிறது, கணினியிலும் ஓடும். அதை வாங்கி மருமகனிடம் கொடுங்கள். அசல் வேகம், 3 உயிர், குறியீடு கூடாது. அதில் எந்த இடத்திலும் சேமிக்கும் வசதி வைத்திருக்கிறார்கள், அதைத் தொடக்கூடாது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். பதிலுக்கு நீங்கள் அவனுடைய ஃபிரீ ஃபயரில் ராங்க் ஆட்டத்தில் இறங்குங்கள், ஆனால் புதுக் கணக்கில் வேண்டாம், பொட்டுகளை வென்றுவிட்டுச் சந்தோசப்படுவீர்கள். அவனுடைய கணக்கிலேயே விளையாட வேண்டும், அவன் சம்மதித்தால். இரண்டு பேருக்கும் ஒரே அளவு நாட்கள் கொடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அவனுக்கு விசைப்பலகையைக் கொடுக்காமல் யூஎஸ்பி கேம்பேட் ஒன்று வாங்கிக் கொடுங்கள், மலிவானதே போதும். வாங்கியதும் நாலு திசைப் பொத்தானையும் ஒருக்கால் அமத்திப் பாருங்கள். மலிவானவற்றில் மேல் பொத்தானை அமத்தினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கும் வழக்கம் உண்டு, கொன்ட்ராவில் மேல்நோக்கிச் சுட முடியாமல் அவன் அதனாலேயே தோற்றால் கணக்குப் பிழைத்துவிடும்.